இங்கிலாந்தின் இளவேனிலுக்கு எந்த சூட், குளிர்காலத்து சூட்டை எப்படி எடுத்து வைப்பது?

கோயம்புத்தூரிலிருந்து இலண்டனுக்கு வேலைக்கு வந்து ஆறு மாதமான ஒருவரின் கேள்வி இது. நவம்பரில் வாங்கிய கருஞ்சாம்பல் ஃபிளானல் சூட்டைப் போட்டுக்கொண்டு இப்போது சுரங்க இரயிலில் நின்றால் முதுகு நனைந்துவிடுகிறது என்கிறார். மே மாதக் கடைசியில் அலுவலக நண்பரின் திருமணம் இருக்கிறது. ஏப்ரலில் மூன்று வாரம் ஊருக்கும் போகிறார். புதிதாக எந்தத் துணியில் எடுப்பது, ஊரிலேயே தைத்துக்கொண்டு வந்துவிடலாமா, பழைய சூட்டை எப்படி எடுத்து வைப்பது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இந்த ஊரில் ஆண்களின் கோட்டு தைக்கும் பணிமனைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெட்டு மேசையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். மூன்றாவது கேள்விதான் உங்களுக்கு அதிகப் பணத்தை மிச்சப்படுத்தப் போகிறது. ஆனாலும் கேட்ட வரிசையிலேயே போகலாம்.

முதலில் பருவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும், அதாவது வெயில் ஏறத் தொடங்கும் காலம். இங்கே அது மார்ச், ஏப்ரல், மே. குளிர் விடைபெற்றுக்கொண்ட பிறகும் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருக்கும் காலம். இலண்டனில் மார்ச் மாதப் பகல் வெப்பம் சராசரியாக 11, 12 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் 18 டிகிரியை ஒட்டி வரும். ஆனால் ஏப்ரலில்கூடக் காலையில் வீட்டுக் கதவைத் திறக்கும்போது 6 டிகிரிதான் இருக்கும். அங்கிருந்து பத்து நிமிடத்தில் புழுக்கமான இரயில் பெட்டி, அதன் பிறகு சூடேற்றிய அலுவலகம், மாலையில் சொல்லாமல் வரும் தூறல் என்று ஒரே நாளில் நான்கு இடங்களில் உடம்பு இருக்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்தப் பருவத்துக்கு மெல்லிய துணி வேண்டும் என்று சொல்வது பாதி உண்மைதான். காற்றை உள்ளே விடுகிற, ஈரத்தை வாங்கிக்கொள்கிற, கசங்கினால் தானாக நிமிர்கிற துணி வேண்டும். எடை அதற்கு அடுத்தபடி.

எடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கணக்கிடுவார்கள். பழைய வெட்டுக்காரர்கள் இன்னும் அவுன்ஸில்தான் பேசுவார்கள். அவர்கள் சொல்வது ஒரு கஜத்தின் எடை என்பதால், கஜத்துக்கு ஓர் அவுன்ஸ் என்றால் மீட்டருக்குத் தோராயமாக 31 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபிளானல் 340 முதல் 400 கிராம் வரை இருக்கக்கூடும். இளவேனிலுக்கு 260 முதல் 300 கிராம் வரை போதும். கடைக்காரர் 220 கிராம் துணியை விரலில் தொங்கவிட்டு இறகு போல் இருக்கிறது பாருங்கள் என்பார். அதில் மயங்க வேண்டாம். அவ்வளவு மெல்லிய துணியில் தைத்த பேன்ட் நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தாலே முழங்காலுக்குப் பின்னால் விசிறி மடிப்பாகிவிடும், கோட்டின் விழுச்சியும் நிற்காது.

நெசவுதான் முக்கியம். ஃபிளானல் உங்களுக்கு வேர்ப்பதற்கு அதன் எடை மட்டும் காரணமன்று. துணியை நெய்த பிறகு அதைத் துவைத்து நெருக்கி, மேலே மெல்லிய ரோமம் எழும்படி செய்கிறார்கள். அந்த ரோமத்துக்குள் காற்று சிறைப்பட்டுக்கொள்கிறது. குளிர்காலத்தில் அதுதான் அதன் சிறப்பு, மார்ச்சில் அதுவே குற்றம். இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது ஃப்ரெஸ்கோ என்று சொல்லப்படும் கம்பளித் துணி. இது யார்க்ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டு ஆலைகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. இரண்டு அல்லது மூன்று இழைகளைச் சேர்த்து மிகக் கடுமையாக முறுக்கி, அந்த நூலைப் பாவிலும் ஊடையிலும் ஒன்று விட்டு ஒன்றாகச் சாதா நெசவில் இடைவெளி தெரிய நெய்வார்கள். ஒரு முழம் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சல்லடை போல் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். கைப்பிடிக்குள் திணித்து ஐந்து வினாடி இறுக்கி விட்டால், வில் போல விரிந்து எழும். முறுக்கேறிய நூல் பழைய நிலைக்குத் திரும்பத் துடிப்பதுதான் காரணம். உள்ளங்கையில் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் என்பது ஒரு குறை. வெறும் தொடையில் உரசினால் சிலருக்கு அரிக்கும். பேன்ட்டின் முன்பக்கம் முழங்கால் வரை லைனிங் கொடுத்துத் தைக்கச் சொன்னால் அது தீர்ந்துவிடும்.

ஃப்ரெஸ்கோ கிடைக்காவிட்டால், முறுக்கு நூலில் நெய்த எந்தச் சாதா நெசவு வொர்ஸ்டெட்டும் (நீண்ட இழைகளைச் சீவி வழுவழுப்பாக நூற்று நெய்த கம்பளித் துணி) சரிதான். தனிக் கோட்டாக, வேறு நிறப் பேன்ட்டோடு போட வேண்டுமென்றால், பாய் பின்னியது போல் தெரியும் ஹாப்சாக் நெசவு நல்லது. கம்பளி என்றதும் நம்மவர்கள் ஊட்டி ஸ்வெட்டரை நினைத்துக்கொண்டு பின்வாங்குவார்கள். கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பாலியெஸ்டரால் அது முடியாது. வேர்வையைத் தோலுக்கும் துணிக்கும் நடுவிலேயே நிறுத்தி வைக்கும்.

கோட்டுக்குள் சூப்பர் 100, சூப்பர் 120, சூப்பர் 150 என்று ஒட்டியிருக்கும் சீட்டைத் தரத்தின் மதிப்பெண் என்று எண்ணிவிடாதீர்கள். அது இழையின் மென்மையைக் குறிக்கும் எண் மட்டுமே. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக்கூடாது. ஒவ்வொரு பத்துக்கும் அரை மைக்ரான் குறைந்துகொண்டே போகும். எண் ஏற ஏறத் துணி பட்டு போலாகும், உழைப்பும் குறையும். தினமும் இரயிலில் இடிபட்டு வேலைக்குப் போகிறவருக்கு சூப்பர் 100, 110க்கு மேல் தேவையே இல்லை. சூப்பர் 150 வாங்கி முதுகுப்பையை மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தத் தோள்பட்டையைத் தடவிக் கொடுக்கத் தோன்றும். பையின் பட்டை உரசும் இடத்தில் ஆறே மாதத்தில் துணி தேய்ந்து பளபளக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது. சூட் போடும் நாள்களில் கைப்பை எடுத்துச் செல்லுங்கள்.

லினனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். லினன் மே மாதத்துக்கு மேல்தான், அதுவும் திருமணம் போன்ற நாள்களுக்கு. எடுப்பதாக இருந்தால் 300 கிராமுக்குக் குறையாமல் எடுங்கள். கனமான லினன் பெரிய, மென்மையான மடிப்புகளாகக் கசங்கும், அது பார்க்க அழகு. மெல்லிய லினன் காகிதத்தைக் கசக்கி எறிந்தது போலாகும். பருத்திக் கோட்டுக்கு மீள்திறன் குறைவு. முழங்கை ஒரு முறை புடைத்தால் துவைக்கும் வரை புடைத்தபடியே இருக்கும். பருத்தியில் நான் மதிக்கும் ஒரே கோட்டுத்துணி சீர்சக்கர். பாரசீகத்தில் பாலும் சர்க்கரையும் என்ற பொருளில் வழங்கிய ஷீர்-ஓ-ஷக்கர் என்ற பெயர் இந்தியா வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பாவு நூல்களில் ஒரு வரிசையை இறுக்கமாகவும் அடுத்ததைத் தளர்வாகவும் கட்டி நெய்வதால் தளர்ந்த வரிசை சுருங்கி எழுந்து நிற்கும். துணி உடம்போடு ஒட்டாது, இஸ்திரியும் வேண்டாம். ஆனால் அது அமெரிக்கத் தென்மாநிலங்களின் வெயிலுக்கு ஆனது. இலண்டன் தூறலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் வழிதவறி வந்தவர் போல் தெரிவீர்கள். சென்னையின் பழைய பெயரைச் சுமந்துகொண்டு அமெரிக்காவில் கோடைக் கோட்டாகிப்போன மெட்ராஸ் கட்டத் துணிக்கும் இதே தீர்ப்புதான். துவைக்கத் துவைக்கச் சாயம் ஒன்றில் ஒன்று கசிந்து கலப்பதையே பெருமையாகச் சொல்லி விற்ற துணி அது. அலுவலக வேலைக்கு ஆகாது.

துணிக்கு அடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்பது. கோட்டின் மார்புப் பகுதிக்குள் வடிவம் கொடுக்க ஓர் உள்துணி வேண்டும். மலிவான கோட்டுகளில் பசை தடவிய துணியைச் சூட்டழுத்தத்தில் ஒட்டிவிடுவார்கள். நல்ல கோட்டில் குதிரை மயிர் கலந்து நெய்த கேன்வாஸைத் தளர்வான தையலில் பிடித்திருப்பார்கள். கோட்டின் கடைசிப் பட்டனுக்கும் காஜாவுக்கும் கீழே மேல்துணியையும் உள்மடிப்பையும் இரண்டு கையாலும் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவினால் அது கேன்வாஸ். இரண்டே அடுக்குதான், மேல்துணியும் விறைப்பாக இருக்கிறது என்றால் ஒட்டுவேலை. ஒட்டிய கோட்டு காற்றை விடாது. சில ஆண்டுகளில் பசை விட்டு மார்பில் கொப்புளங்களும் எழலாம். பாதிக் கேன்வாஸ் வைத்த கோட்டு விலைக்கும் உழைப்புக்கும் நடுவில் நியாயமான தேர்வு. லைனிங்கைப் பொறுத்தவரை, முதுகில் மேல்பகுதிக்கும் கைகளுக்கும் மட்டும் போட்டு மீதியை விட்டுவிடச் சொல்லுங்கள். அது பாலியெஸ்டராக இல்லாமல், பருத்திக்கொட்டையின் குறும்பஞ்சிலிருந்து செய்யும் கியூப்ரோவாக இருக்கட்டும். எத்தனை மெல்லிய கம்பளி எடுத்தாலும் உள்ளே பாலியெஸ்டர் லைனிங்கை முழுதாகப் போட்டால் செய்த செலவு வீண்.

நிறத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கருஞ்சாம்பல் ஏற்கெனவே இருப்பதால், நடுத்தர நீலத்தில் ஒன்று எடுங்கள். அலுவலகத்துக்கும் ஆகும், திருமணத்துக்கும் ஆகும். ஒரு கோட்டுக்கு இரண்டு பேன்ட் தைத்துக்கொள்வது மட்டும் அவசியம். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு நாள் முழுக்கப் பேன்ட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம். எப்போதும் முதலில் சாவது அதுதான்.

அளவைப் பொறுத்து ஒரு விதி: தோள்பட்டையும் கழுத்தும் கடையில் போட்ட கணமே சரியாக இருக்க வேண்டும். தோளின் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் முடிய வேண்டும். கோட்டின் காலர், சட்டைக் காலரை விட்டு விலகாமல் ஒட்டி நிற்க வேண்டும். இவற்றைத் திருத்துவது கோட்டைப் பிரித்துப் புதிதாகத் தைப்பதற்குச் சமம். இடுப்பைப் பிடிப்பதும், பேன்ட்டின் பின் தையலில் ஓர் அங்குலம் விடுவதும், சட்டைக்கை ஒரு சென்டிமீட்டர் தெரியும்படி கோட்டின் கையைக் குறைப்பதும் அரை நாள் வேலை. கையின் பட்டன்களுக்கு உண்மையான காஜா வெட்டியிருந்தால் மட்டும் கீழிருந்து குறைக்க முடியாது, தோளிலிருந்துதான் ஏற்ற வேண்டும். ஆகவே கை நீளம் முடிவாகும் வரை காஜா வெட்ட விடாதீர்கள்.

இனி, ஊரில் தைப்பது. கோயம்புத்தூரிலோ தியாகராய நகரிலோ நல்ல கட்டிங் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். கைத்திறனில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்களல்லர். சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று துணி: நம் ஊர்க் கடைகளில் சூட்டிங் என்று சுருட்டி வைத்திருப்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர் விஸ்கோஸ் கலப்பு. கசங்காது, மலிவு, பார்வைக்கும் குறையில்லை. ஆனால் சுரங்க இரயிலில் உங்களுக்கு இப்போது இருக்கும் துன்பம் அப்படியே தொடரும். துணியை இங்கிருந்து வாங்கிச் செல்லுங்கள். 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் சராசரி உயரக்காரருக்குக் கோட்டும் பேன்ட்டும் தைக்க 3.5 மீட்டர் வேண்டும். இரண்டாவது பேன்ட்டுக்கு இன்னும் 1.25 மீட்டர். மற்றொரு சிக்கல் நேரம். இலண்டனில் கைத்தையல் சூட்டுக்குப் பெயர்பெற்ற சேவில் ரோ தெருவில் ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை என்று கணக்குச் சொல்வார்கள். அந்த விலைக்கு நீங்களும் நானும் போக வேண்டாம், ஆனால் அந்த உழைப்பில் பாதியாவது நல்ல கோட்டுக்கு வேண்டும். போய் இறங்கிய மறுநாளே அளவு கொடுத்துவிடுங்கள். ஒரு வாரத்தில், வெள்ளை நூலில் தற்காலிகமாகப் பிடித்த கோட்டோடு முதல் டிரையல். அடுத்த வாரம் காலரும் கையும் வைத்து இரண்டாவது. கிளம்புகிற நாளில் பையில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன் சார் என்று சொல்லும் கடையில் கொடுக்காதீர்கள். பசை தடவிய பக்ரம் துணியை ஒட்டாமல் கேன்வாஸ் வைத்துத் தைப்பீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தைக்கத் தெரிந்தவர் அந்தக் கேள்வியிலேயே உங்களை மதிப்பார்.

பராமரிப்புக்கு வருவோம். ஒரே சூட்டை அடுத்தடுத்த நாள் போடக்கூடாது. ஒரு நாளின் வேர்வையும் மடிப்பும் கம்பளியிலிருந்து இறங்குவதற்கு ஒரு முழு நாளாவது தேவை. மாலையில் கழற்றியதும் பையில் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, தோள் அகலத்துக்கு வளைந்த மர ஹேங்கரில் மாட்டி, அலமாரிக்கு வெளியே இரவு முழுவதும் காற்றாட விடுங்கள். பேன்ட்டை மடிப்பு சேர்த்துக் கால் முனையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால், இடுப்புப் பகுதியின் எடையே இஸ்திரி போட்டுவிடும். பிறகு தூரிகை. குதிரை மயிர்த் தூரிகை ஒன்று வாங்குங்கள். சூட்டுக்காக நீங்கள் வாங்கும் பொருள்களிலேயே அதிகம் உழைப்பது அதுவாகத்தான் இருக்கும். முதலில் கீழிருந்து மேலாக இலேசாகத் தட்டித் தூசியைக் கிளப்பி, பிறகு மேலிருந்து கீழாக நீண்ட இழுப்பாக இழுக்க வேண்டும். காலரைத் தூக்கி அதன் அடியிலும், பை மூடிகளின் உள்பக்கத்திலும், பேன்ட்டின் கீழ் மடிப்பிலும் இழுக்க மறக்காதீர்கள். அங்கே சேரும் அழுக்கின் கதைக்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

தூறலில் நனைந்தால் ஹேங்கரில் மாட்டி அறைச்சூட்டிலேயே காயவிடுங்கள். ரேடியேட்டர் மேல் போட்டால் கம்பளி முரடாகும், உள்ளே இருக்கும் கேன்வாஸும் சுருங்கும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் தூரிகையைத் தொட வேண்டும். இஸ்திரிப் பெட்டியை நேராகத் துணி மேல் வைத்தால் பளபளப்பு விழும். நடுவில் ஈரப் பருத்தித் துணி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

டிரை கிளீனிங் என்பது தண்ணீரில்லாமல் கரைப்பான் திரவத்தில் அலசுவது. எண்ணெய்க் கறைக்கு அது நல்லது; ஆனால் ஒவ்வொரு முறையும் கம்பளியின் இயற்கை எண்ணெய்ப்பசையும் கொஞ்சம் போகும். மாதம் ஒரு முறை கொடுப்பவர்கள் தங்கள் சூட்டை மாதம் ஒரு முறை வயதாக்குகிறார்கள். அலசுவதைவிடப் பெரிய ஆபத்து அதன் பிறகு வரும் அழுத்து யந்திரம். தொழில் தெரிந்த நானே ஒரு முறை அவசரத்துக்கு வீட்டுப் பக்கத்துக் கடையில் என் நீலக் கோட்டைக் கொடுத்துவிட்டேன். மார்பிலிருந்து மெல்ல உருண்டு மடிய வேண்டிய லேப்பல், அட்டையை மடித்த மாதிரி கூர்முனையோடு தட்டையாகித் திரும்பி வந்தது. நீராவி காட்டி, கையால் உருட்டி உருட்டி அதை மீட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போயிற்று. பருவத்துக்கு ஒரு முறை போதும்; கறை இல்லாத வெறும் கசங்கலுக்கு, ஈரத்துணியால் துடைத்துக் கையால் அழுத்திக் கொடுங்கள் என்று தையல் கடையிலேயே கேளுங்கள்.

அந்தப் பருவத்துக்கு ஒரு முறை வர வேண்டிய நாள் இப்போதுதான். உங்கள் ஃபிளானலை எடுத்து வைப்பதற்கு முன் அது கட்டாயம் சுத்தம் செய்யப்பட வேண்டும். காரணம் அந்துப்பூச்சி. பொன்னிறத்தில், அரிசி நீளத்தில் வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும் அந்தப் பூச்சி எதையும் தின்பதில்லை. அதற்குத் தின்னும் வாயே கிடையாது. தின்பது அதன் புழு. கம்பளி, பட்டு, ரோமம் ஆகியவற்றின் புரதம்தான் அதன் உணவு. வேர்வையும் உணவுக் கறையும் படிந்த இடம் அதற்கு இன்னும் ருசி. அதனால்தான் ஓட்டைகள் அக்குளிலும், காலருக்கு அடியிலும், தொடையிடுக்கிலும் விழுகின்றன. தூரிகை போகாத இடங்கள் எல்லாம் அதன் சாப்பாட்டு மேசைகள். வீடுகள் ஆண்டு முழுவதும் சூடாக இருப்பதால் குளிர்காலத்திலும் இது பெருகும் என்றாலும், இளவேனிலில்தான் பறப்பது கண்ணில் படத் தொடங்கும். 2017இல் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் நிறுவனம், தன் பழைய மாளிகைகளின் கம்பளங்களையும் திரைகளையும் காக்கும் முயற்சியில், பொதுமக்களுக்கு இலவசமாகப் பூச்சிப் பொறிகளைக் கொடுத்து எங்கெங்கே எவ்வளவு விழுகிறது என்று கணக்கெடுத்தது. அரண்மனைக்கே அந்த நிலை.

ஊரிலிருந்து பாச்சை உருண்டை கொண்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அதில் இருக்கும் நாஃப்தலீனின் தீங்கு கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2008இலேயே அதன் விற்பனையை நிறுத்தியது, இங்கும் அது கிடையாது. தவிர, அந்த வாசனை ஃபிளானலில் ஏறினால் அடுத்த நவம்பரில் நீங்கள் மின்தூக்கிக்குள் நுழைவதற்கு முன்பே வாசனை நுழைந்துவிடும். தேவதாரு மரத்துண்டும் லாவெண்டர்ப் பொட்டலமும் நல்ல மணம் தரும். முட்டையும் புழுவும் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அவற்றால் பயனில்லை. செய்ய வேண்டியது இதுதான். சூட்டை டிரை கிளீனிங் கொடுத்து வாங்கி, கடைக்காரர் மாட்டித் தந்த பாலித்தீன் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு மணி நேரம் ஜன்னலோரம் காற்றாட வைத்து, ஜிப் வைத்த பருத்தி உறையில் போட்டு மூட வேண்டும். பாலித்தீனுக்குள் ஈரம் தங்கும். அலமாரியின் மூலைகளையும், அதன் அடியில் உள்ள கம்பளத்தின் ஓரங்களையும் வேக்குவம் வைத்து இழுத்து, உறிஞ்சிய தூசியை அன்றே வீட்டுக்கு வெளியே கொட்டிவிடுங்கள். பெண்பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண்பூச்சிகளை இழுக்கும் பசைப்பொறி ஒன்றை அலமாரிக்குள் வைத்தால், வீட்டில் பூச்சி இருக்கிறதா என்பது தெரியும். அது எச்சரிக்கைதான், காவல் ஆகாது.

ஸ்வெட்டர், கழுத்துத் துணி போன்ற சிறிய கம்பளிப் பொருள்களில் ஓட்டை தெரிந்தால், காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டை முதல் புழு வரை எல்லாம் சாகும். என் வீட்டில் ஆண்டுதோறும் ஏப்ரலில் இட்லி மாவுக்கும் என் ட்வீட் தொப்பிகளுக்கும் அந்தப் பெட்டிக்குள் இடத்தகராறு நடக்கும். லினனை எடுத்து வைக்கும் காலம் வரும்போது கஞ்சி போடாமல் வையுங்கள். கஞ்சிக்கு வெள்ளி மீன் என்னும் வேறொரு பூச்சி வரும்.

கடைசியாக, புதுக் கோட்டு கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய இரண்டு சிறு வேலைகள். தைத்து முடித்து மீந்த துணியில் ஒரு சாண் அளவு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஓர் ஓட்டை விழுந்தால் அதிலிருந்து நூல் பிரித்துத்தான் தெரியாமல் இழையோட்ட முடியும். அடுத்து, கோட்டின் பின்புறப் பிளவைப் பெருக்கல் குறி போல் வெள்ளை நூலால் தைத்திருப்பார்கள், கையின் முனையிலும் ஆலையின் பெயர்ச்சீட்டு தொங்கும். தையல், கடையில் இருக்கும்வரை வடிவம் கெடாமல் இருப்பதற்காக; சீட்டு, துணி எந்த ஆலையுடையது என்று காட்டுவதற்காக. அந்தப் பெருக்கல் குறியோடு நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையன்களை இரயிலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாதவரின் முதுகில் கை வைக்க முடியாமல் பேசாமல் இறங்கியும் இருக்கிறேன். திருமணத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவே சிறிய கத்தரியால் இரண்டையும் வெட்டிவிடுங்கள்.